ஒரு வாய்ப் பால்

பால் இன்னும் அசையவில்லை. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்துக்குள் வெள்ளையாக, தரை மாதிரி கிடக்கிறது, அடியில் நீலத் தீ எரிகிறது, பக்கத்தில் சுலோச்சனா கையில் கரண்டியோடு நிற்கிறாள், கரண்டி எதற்கென்று தெரியவில்லை, கிண்டக் கூடாது, பொங்க விடவேண்டும், அதற்காகத்தானே இத்தனை பேர் விடிந்தும் விடியாமலும் சரவணம்பட்டிக்கு வந்து மூன்று மாடி ஏறி இந்தச் சின்னச் சமையலறை வாசலில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பொங்கியதும் சாமிக்கு ஒரு டம்ளர், பிறகு வீட்டுக்காரர்களான எங்கள் இரண்டு பேருக்கும், பிறகு மற்றவர்களுக்கு. எனக்கு வரப்போகும் அந்த டம்ளரைப் பற்றித்தான் நேற்று சாயங்காலத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பால் குடிப்பதில்லை. தயிர், மோர், நெய், மைசூர்பா எதுவும் கிடையாது, ஆறு வருஷமாக. வீகன் என்கிறார்கள், நனிசைவம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள், என் அக்கா ‘அந்த நோம்பு’ என்கிறாள், அதுவே பரவாயில்லை. நேற்று வாடகை வீட்டில் கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்கு ஒரு வாய் குடிச்சிருங்க, எனக்காக, வேற ஒண்ணுங் கேக்கல” என்றாள் சுலோச்சனா. பார்க்கலாம் என்றேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நான் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதோடு பேச்சு முடிந்தது, அதனால்தான் முடியவே இல்லை.

“நொரையாப் பொங்கும் பாருங்க மாப்ள, தண்ணி ஒரு சொட்டு இல்ல” என்று பின்னாலிருந்து மச்சானின் குரல். நாகமாணிக்கம், சுலோச்சனாவின் அண்ணன். அன்னூர்ப் பக்கம் தன் தோட்டத்திலிருந்து கேனில் இவர் கொண்டுவந்த பால்தான் அடுப்பில் இருக்கிறது. “என்ற தங்கச்சி சொந்த வீட்டுக்குப் பாக்கெட் பால்லயா குடி போறது?” என்று போனிலேயே சண்டை போட்டு, விடியுமுன் கிளம்பி, பழைய வீட்டிலிருந்து எங்களையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர். வழியெல்லாம் எனக்குச் சமாதானம் சொன்னார். ஊசி கீசி போட்ட மாடு இல்லீங்க, கன்னுக்குட்டி குடிச்ச மிச்சந்தான், உங்களுக்கே பாவம் ஒட்டாது. சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காது. “கன்னு என்ன கன்னுங்க மச்சான், கெடேரியா, காளையா?” அவர் கியர் மாற்றினார். காளைங்க என்றார். ஒரு லாரியைத் தாண்டிய பிறகு, “குடுத்துட்டோம்” என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அப்படியானால் எந்தக் கன்று குடித்த மிச்சம் என்றும் கேட்கவில்லை. பின்சீட்டிலிருந்து சுலோச்சனா என் கழுத்தைப் பார்ப்பது எனக்குக் கழுத்தில் தெரிந்தது. மச்சான் நல்லவர். ரேடியோவைப் போட்டார். இப்போது, ஒசூரிலிருக்கும் எங்கள் மகன் அகிலனுக்கு லீவு கிடைக்காததால் வீடியோவில் காட்டுகிறேன் என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், “மாமா, பாலே தெரியல, உங்க வெரல்தான் தெரியுது” என்று அகிலன் போனுக்குள்ளிருந்து கத்துகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும். சிரிக்கும்போதும் கண் பாத்திரத்தில்தான். ஓரத்தில் ஒரு குமிழ். ஒன்றே ஒன்று. அதுவும் உடைந்துவிட்டது.

ஏன் விட்டீங்க என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல சம்பவம் இல்லை, அதுதான் பெரிய குறை. கறியை விட்டதையாவது உறவு மன்னித்துவிட்டது, சாமி காரணம் என்று அவர்களே ஒன்றை வைத்துக்கொண்டார்கள். தயிரை விட்டதை மன்னிக்கவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் கால்நடைப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். காப்பீடு செய்த மாட்டின் காதில் மஞ்சள் வில்லை மாட்டுவார்கள், மாடு செத்தால் வில்லையோடு காதை வெட்டிக் கவரில் வைத்து அனுப்பவேண்டும், வில்லை இல்லாவிட்டால் க்ளெய்ம் இல்லை. கவரைப் பிரிப்பது, எண்ணைச் சரிபார்ப்பது, கையெழுத்துப் போடுவது. வருஷக்கணக்கில் செய்தேன், மத்தியானம் கை கழுவிவிட்டு பிரியாணி சாப்பிட்டேன், ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் மேஜையில் கவர் பிரித்தபடி இருக்கும்போது டீ வந்தது. காதின் விளிம்பில் மெல்லிய மயிர் ஃபேன் காற்றில் அசைந்தது. உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான் அசைந்திருக்கும். டீயைத் தள்ளி வைத்தேன். அன்றைக்கு மட்டும். மறுநாள் குடித்தேன், அதற்கு மறுநாளும் குடித்தேன், பல வாரம் குடித்தேன், பிறகு ஏதோ ஒரு நாள் குடிக்கவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் கதையில் ஓட்டை தெரிகிறது. ஒளி தெரிந்திருக்க வேண்டும், கண்ணீர் வந்திருக்க வேண்டும். எனக்கு ஃபேன் காற்றுதான். ஒரு சந்தேகம் அடிக்கடி வரும், இப்போதும் வருகிறது: அந்த வருஷம்தான் எனக்குப் புரமோஷன் தள்ளிப்போனது, எனக்குக் கீழே இருந்தவன் மேலே போனான், ஐம்பதை நெருங்கும் மனுஷனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது, மாடு கையில் அகப்பட்டது. ‘அப்பா, இது மிட்லைஃப் கிரைசிஸ், சரியாயிரும்’ என்று அகிலன் அப்போதே சொன்னான். ஆகவில்லை. அகங்காரத்துக்கு ஆறு வருஷம் மோர் இல்லாமல் இருக்கத் தெரியுமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அது எவ்வளவு பட்டினியும் கிடக்கும். ஆனால் கோடையில் மத்தியானம் ஒரு மணிக்கு, பக்கத்து மேஜைக்காரர் டப்பாவைத் திறந்து தயிர்ச்சாதத்தில் மாவடுவை வைத்து அழுத்தும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது அகங்காரம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. அப்போது அந்தக் காதுதான் ஞாபகம் வரும். சில நாள் காது. சில நாள் புரமோஷன். இன்று காலை கீழே பார்க்கிங்கில் பில்டர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பசுவையும் கன்றையும் வரவழைத்துக் கட்டியிருந்தார், அக்கா அதன் நெற்றியில் மஞ்சள் வைத்துக் கும்பிட்டாள், நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதைத்தான் பார்த்தேன். வில்லை இருந்தது. அவ்வளவுதான். மாடு அகத்திக்கீரையைத் தின்றுகொண்டிருந்தது.

“தீயக் கூட்டு கண்ணு” என்கிறாள் பாப்பாத்தி அக்கா, என் கூடப்பிறந்தவள், அடுப்பைப் பற்றவைக்கிற உரிமை நாத்தனாருக்கு என்று அவள்தான் பற்றவைத்தாள். “வேண்டாங்க அண்ணி, அடி புடிச்சிரும்” என்கிறாள் சுலோச்சனா. ஆளுக்கொரு தடவை அடுப்பின் திருகைத் திருப்புகிறார்கள், தீ ஏறி இறங்கி நடுவில் நிற்கிறது. என் இடுப்பில் பட்டு வேட்டி. மச்சான் சீராக எடுத்துக் கொடுத்தது, மடிப்புக் கலையாத சரசரப்பு. பூச்சியைக் கூட்டோடு கொதிநீரில் போட்டு எடுத்த நூல். கட்டமாட்டேன் என்று சொல்ல நேற்றெல்லாம் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன், காலையில் அவர் இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு நின்றபோது அந்த வாக்கியத்தைக் காணோம். பெல்ட் தோல்தான், பழசு, பழசைத் தூக்கிப்போட்டால் செத்தது திரும்பியா வரும் என்று ஒரு கணக்கு. கால் மரத்துப்போகிறது என்று போனால் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு பி-டுவல்வ் இல்லை என்று திட்டி மாத்திரை எழுதினார், மாத்திரையின் உறை மாட்டெலும்பைக் காய்ச்சிச் செய்தது என்று தெரிந்தே விழுங்கினேன். பழனிக்குப் போனால் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் இருப்பது யாருக்குத் தெரியாது, கையில் வைத்தால் நக்கிவிடுவேன், கோயிலில் போய்ப் பட்டியல் படிக்க முடியாது. சில நல்ல நாள்களில் பருப்பில் ஒரு நெய் வாசனை வரும். கேட்கமாட்டேன். சுலோச்சனாவும் சொல்லமாட்டாள். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் கீரைக்குப் பின்னால் அவளுடைய தயிர் டப்பா இருக்கிறது, நான் பார்க்கக் கூடாதென்று அவள் மறைத்ததில்லை, நான் பார்த்து அவள் சங்கடப்படக் கூடாதென்று மறைத்திருக்கிறாள், அது வேறு மறைப்பு. தினமும் இரண்டு குழம்பு, இரண்டு தாளிப்பு, இரண்டு கரண்டி. உன்னை யாருடி கேட்டது என்று நான் சொன்னதில்லை, எனக்கு வேண்டாம் நானே செய்துகொள்கிறேன் என்றும் சொன்னதில்லை. பட்டுப் பூச்சிக்கு விட்டுக்கொடுத்தாயிற்று, மாத்திரைக்கு விட்டுக்கொடுத்தாயிற்று, பழனி முருகனுக்கு விட்டுக்கொடுத்தாயிற்று, இவளுக்கு ஒரு வாய் விட்டுக்கொடுக்க மட்டும் எதற்கு இவ்வளவு யோசனை? அதற்கும் மனசு உடனே பதில் வைத்திருக்கிறது. மற்றதெல்லாம் தானாக நழுவியது, இது கேட்டு வாங்கப்படுவது. நழுவினால் மறுநாள் எழுந்து நடக்கலாம். கேட்டுக் கொடுத்தால் ஒரு முறை கொடுத்தவன் ஆகிவிடுவேன், பிறகு தீபாவளிக்கு ஒரு வாய், பேரன் பிறந்தால் ஒரு வாய், எந்த வாயில் நிற்பது?

மேலே ஏடு கட்டுகிறது. ஏட்டில் ஒரு சுருக்கம். பால் மூச்சு விடுவதுபோல நடுவில் லேசாக எழும்பித் தணிகிறது. சுலோச்சனாவின் தோள் என் தோளில் படுகிறது, வேண்டுமென்று இல்லை, இடம் இல்லை. அவள் உதடு அசைகிறது. வேண்டிக்கொள்கிறாள். என்ன வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியும், அதுதான் நான் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிற இடம். நாலு வருஷத்துக்கு முன் கணபதியில் அந்த வாடகை வீட்டுக்குக் குடி போனபோதும் இப்படித்தான் பால் காய்ச்சினோம், டம்ளர் நீட்டியபோது நான் குடிக்கவில்லை. குடிக்காததோடு நிற்காமல் கூடியிருந்தவர்களுக்குக் கன்றுகளைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அடுத்த ஆடியில் அவளுக்கு ரத்தப்போக்கு தொடங்கியது, நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுத்தார்கள், கட்டி என்றார்கள், பரிசோதனைக்கு அனுப்பி, ரிசல்ட் வரும்வரை நாங்கள் இருவரும் டி.வி. பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். ஒன்றுமில்லை என்று வந்தது. இதையும் அதையும் அவள் ஒருநாளும் சேர்த்துப் பேசியதில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன், வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “அந்த வீட்ல பால் நல்லாத்தான பொங்குச்சு?” என்று கேட்டாள். நல்லாத்தான் பொங்குச்சு என்றேன். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவளுக்கும் இல்லை, கேட்டால் இல்லை என்பாள், பத்தாவது வரை அறிவியலில் அவள்தான் முதல். நம்பிக்கை இல்லாத இரண்டு பேர் சேர்ந்து ஒன்றுக்குப் பயப்பட முடியும். பயம் என்றால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதுகூட இல்லை. எப்போதாவது, இந்த வீட்டில், ஒரு சளி ஒரு காய்ச்சல் வந்து அவள் படுத்திருக்கும் நாளில், அந்த ஒரு வாயை நினைத்துக்கொண்டு அவள் கூரையைப் பார்ப்பாள், நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நினைப்பதை நினைப்பேன், இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டோம். அதுதான். அந்தக் காதுக்கு நான் எதையும் சத்தியம் செய்யவில்லை, இவளுக்கும் செய்யவில்லை, தாலி கட்டும்போது ஐயர் இல்லை, எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நடத்திவைக்கும் பெரியவர், அருமைக்காரர்தான், அவர் சொன்னது பாதி காதில் விழவில்லை.

“என்னடா சிகாமணி, கேஸ் தீந்துருச்சா?” அக்கா குனிந்து தீயைப் பார்க்கிறாள். தீ இருக்கிறது. பால்தான் நின்றுவிட்டது, எழும்பி, விளிம்புக்கு விரல்கடை கீழே வந்து, ஏடு கனத்துப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. சனம் இன்னும் நெருங்கி எட்டிப் பார்க்கிறது. “ஏடு தடுக்குதுங்க, கரண்டியப் போடாதீங்க” என்று மச்சான் சொல்கிறார். முதல் தடவையாக அவர் குரலில் ஒரு கலக்கம், தண்ணீர் கலக்காத பால்காரரின் கலக்கம். சுலோச்சனா கரண்டிக் காம்பைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருக்கின்றன. பொங்கு. பொங்கித் தொலை. இதை நினைப்பது யார்? நான்தான். என் கழுத்து நீண்டிருக்கிறது, என் கை வேட்டியைக் கசக்கியிருக்கிறது, ஆறு வருஷமாக எந்தப் பாலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேனோ அதை, சொந்தக் குழந்தை முதல் அடி வைப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வா, வா, கிழக்காலே வா. கன்றே, மன்னித்துக்கொள், பிறகு பேசுவோம். ஏடு நடுவில் கிழிந்தது. வெள்ளை நுரை அதன் வழியே ஏறி, ஏறி, கிழக்கு விளிம்பில் ஒரு நாக்கு நீட்டி, பித்தளை வயிற்றில் வழிந்து, தீயில் சொய்ங்கென்று விழுந்தது. “கெழக்க! கெழக்க பொங்கிருச்சு!” என்று கத்தியது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத்தான் பார்த்தார்கள். “அட மாப்ள!” என்றார் மச்சான், சிரிப்பில் போன் ஆடி அகிலனுக்கு உத்திரம் தெரிந்திருக்கும். சுலோச்சனா அடுப்பை அணைக்க மறந்து என்னைப் பார்த்தாள். பால் மேலும் வழிந்தது, மேற்கேயும் கொஞ்சம், பரவாயில்லை.

சாமிக்கு வைத்தாயிற்று. சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அக்கா டம்ளர்களில் ஊற்றினாள், தட்டோடு ஹாலுக்குப் போனாள், கூட்டமும் தட்டின் பின்னால் போனது. சமையலறையில் நாங்கள் இரண்டு பேர். என் டம்ளரை நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன், சூடு விரலைச் சுட்டது. அவள் திரும்பிக்கொண்டாள். “இந்தக் கொக்கி பாருங்க, சேரவே மாட்டீங்குது” என்று ஜன்னல் கொக்கியைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கொக்கி நன்றாகத்தான் சேர்ந்தது. தொட்டி எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தால் போதும். அவள் கேட்கமாட்டாள், குடித்துவிட்டேன் என்று இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாம், பருப்பின் வாசனையைப் போல, தயிர் டப்பாவைப் போல இந்த வீட்டில் இன்னொன்று. அதற்கான இடத்தை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுத்தான் கொக்கியோடு நிற்கிறாள். கேட்டதையும் கேட்டு, கேட்டதைத் திருப்பியும் எடுத்துக்கொண்டு நிற்கிற அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஜாக்கெட்டின் மேல் கொக்கி மாட்டாமல் விட்டிருந்தது, காலை அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை, அதுவரை நானும்.

“சுலோ” என்றேன். ம் என்றாள், திரும்பவில்லை. “இங்க பாரு.” திரும்பினாள். அவள் பார்க்கக் குடித்தேன். ஒமட்டும் என்று நினைத்திருந்தேன், ஆறு வருஷத்தில் அப்படித்தான் பலரிடம் சொல்லியும் இருந்தேன், நாக்கு மறந்திருக்கும், உடம்பு ஏற்காது என்று. நாக்கு எதையும் மறந்திருக்கவில்லை. இனிப்பு, சூடு, மேலண்ணத்தில் ஒட்டிய ஒரு துண்டு ஏடு, ஏலக்காய், எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன, நேற்றுத்தான் எழுந்து போனவர்கள்போல. வானம் இடியவில்லை. காது ஞாபகம் வந்தது, வராமல் இல்லை, அந்த மயிர் அசைந்தது, அது பாட்டுக்கு அசைந்தது, நான் விழுங்கினேன். டம்ளரைக் கீழே வைக்கப் போனேன். கை வைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தேன்.

சுலோச்சனாவின் முகம் அழப்போகிறது என்று நினைத்தேன். அது அப்படியே நின்று, யோசித்து, புருவம் ஏறியது. “நான் ஒரு வாய்தான கேட்டேன்?” என்றாள்.

“ஆமா.”

“அப்பறம் அந்த ரெண்டாவது?”

முதல் வாயை எவனிடம் வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம், எதிரே பெஞ்சு போட்டு உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசலாம், மனைவி, ஆபரேஷன், சொந்த வீடு என்று. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. அது அவளுக்கு இல்லை, சாமிக்கு இல்லை, மச்சானின் கேனுக்கும் இல்லை. “நல்லாருந்துச்சு” என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கியது, ஹாலிலிருந்து அக்கா என்ன என்ன என்றாள், ஒண்ணுமில்லீங்க அண்ணி என்றாள். என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி மிச்சத்தைத் தானே அண்ணாந்து குடித்துவிட்டு, “போதும், பழகிரப் போகுது” என்றாள். அவமானமாக இருக்கும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது, வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைக் கண்டு ஹாலுக்குப் போய்விட்டது, ராத்திரிக்கு வரும், வரட்டும், தெரிந்த ஆள்தான். “திரும்பு” என்று சொல்லி அவள் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டிவிட்டேன். பிறகு, இப்போதே ஊறப்போட்டால்தான் நாளைக் காப்பிக்குக் கடலைப்பால் எடுக்க முடியும் என்பதால், “நிலக்கடலை எந்தப் பெட்டில இருக்குது?” என்று கேட்டேன்.

வழிந்த பாலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: “தேடுங்க. உங்களுக்குத்தான வேணும்.”

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பெட்டியைப் பிரித்தேன்.